அவன் அவள் அது: முதல் சூத்திரமும் கலாம் வாதமும் ஒன்றுதானா?

#1 சனிக்கிழமை மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வருகிறேன். தத்துவம் படித்துப் பழக்கமில்லை. போன வாரம் மெய்கண்டார் எழுதிய சிவஞான போதம் ஆரம்பித்தார்கள். முதல் சூத்திரம் இது:

அவன் அவள் அதுவெனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்

"உலகம் காரியம். காரியத்துக்குக் கர்த்தா வேண்டும், குடத்துக்குக் குயவன் மாதிரி. சரி, அடுத்த சூத்திரம்" என்று ஆசிரியர் பத்து நிமிடத்தில் தாண்டிவிட்டார். மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து காணொளிகளைத் தேடினால் அமெரிக்கக் கிறிஸ்தவர் ஒருவர் இதையே 'கலாம் வாதம்' என்கிறார். (முதலில் நம் அப்துல் கலாம் என்று நினைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.) தோன்றுகிற எதற்கும் காரணம் உண்டு; பிரபஞ்சம் தோன்றியது; ஆகவே பிரபஞ்சத்துக்குக் காரணம் உண்டு. அவ்வளவுதான் வாதம்.

இரண்டும் ஒன்றுதானா? ஒன்றென்றால் கடவுளுக்குக் காரணம் யார் என்று கேட்டால் என்ன பதில்?

#2 ஈயக்குண்டு

பதில் கிடையாது. அதனால்தான் உங்கள் ஆசிரியர் பத்து நிமிடத்தில் ஓடிவிட்டார்.

#3 கீழக்கரைக்காரன்

ஈயக்குண்டு அண்ணன் வழக்கம்போல் முதல் கல்லை எறிந்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள்.

ஐயா, 'கலாம்' என்றால் அரபியில் பேச்சு. இஸ்லாமிய இறையியல் வாதத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நீங்கள் பார்த்த காணொளி வில்லியம் லேன் கிரெய்க் உடையதாக இருக்கும். 1979-ல் இதைப் புத்தகமாக எழுதி மேற்கே பரப்பியவர் அவர். சரக்கு இமாம் கஸ்ஸாலியுடையது (1058–1111).

'தோன்றுகிற எதற்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'இருக்கிற எதற்கும்' என்று சொல்லவில்லை. ஆகவே "அல்லாஹ்வைப் படைத்தது யார்" என்ற கேள்வி வாதத்தைத் தொடாது. தொடக்கமில்லாத ஒன்றுக்குத் தோற்றுவித்தவர் தேவையில்லை. பிடிக்கவில்லையென்றால் இரண்டாம் படியைத் தாக்குங்கள், அங்கேதான் உண்மையான சண்டை.

கஸ்ஸாலி அந்தப் படியை நிறுவிய விதம் அழகானது. சனி ஒரு சுற்று முடிக்க 30 வருடம், வியாழனுக்கு 12. (குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி பார்க்கிற ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.) உலகம் தொடக்கமே இல்லாமல் இருந்துவருகிறது என்றால் இரண்டும் முடிவிலி முறை சுற்றியிருக்க வேண்டும். ஒன்று மற்றதைவிட இரண்டரை மடங்கு வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் கணக்கு இரண்டுக்கும் சமம்! அப்புறம் அவர் கேட்கிறார்: அந்த எண்ணிக்கை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? அபத்தம். ஆகவே கடந்தகாலத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு.

#4 ஈயக்குண்டு

பாய், அழகுதான். ஆனால் அது 11-ஆம் நூற்றாண்டுக் கணக்கு. 19-ஆம் நூற்றாண்டில் கணித மேதை கேன்டர் வந்து முடிவிலிகளை எப்படி ஒப்பிடுவது என்று காட்டிவிட்டார். இயல் எண்களும் இரட்டை எண்களும் ஒன்றுக்கொன்று ஜோடி போட்டால் மிச்சமில்லாமல் தீரும். விசித்திரம்தான், முரண் இல்லை. முடிவிலிக்கு ஒற்றை இரட்டை கேட்பது, தண்ணீருக்கு மூலை எங்கே என்று கேட்பது மாதிரி.

முதல் படிக்கும் உத்தரவாதம் இல்லை. ரேடான்-222 கொஞ்சம் எடுத்து வைத்தால் 3.8 நாளில் பாதி சிதைந்துபோகும். ஆனால் இந்த அணு இப்போது ஏன் சிதைந்தது, பக்கத்து அணு ஏன் சிதையவில்லை? குவாண்டம் இயற்பியலின் வழக்கமான வாசிப்பில் அந்த நொடியைத் தீர்மானிக்கிற காரணம் என்று ஒன்று இல்லை.

#5 கீழக்கரைக்காரன்

அணு இருக்கிறது, அதன் விதிகள் இருக்கின்றன, நிகழ்தகவு இருக்கிறது. 'எப்போது' என்பதற்குக் காரணம் இல்லை என்பது 'ஒன்றுமே இல்லாததிலிருந்து வந்தது' ஆகாது.

கேன்டர் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். தாளில் முரண் இல்லை என்பது சரி. நடந்து முடிந்த சுற்றுகளாக முடிவிலி இருக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

#6 சனிக்கிழமை மாணவன்

பெருவெடிப்பு இருக்கிறதே? 1380 கோடி ஆண்டுக்கு முன் தொடக்கம் என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டதே?

#7 ஈயக்குண்டு

விஞ்ஞானம் சொல்வது: அந்தக் காலத்துக்குப் போனால் பிரபஞ்சம் மிகச் சூடாக, மிக அடர்த்தியாக இருந்தது. அதற்கு முந்திய நிலை என்ன என்பதில் நம் சமன்பாடுகள் கைவிரித்துவிடும். அதைப் 'படைப்பு' என்று மொழிபெயர்த்தவர்கள் வேறு ஆட்கள். போப் பன்னிரண்டாம் பயஸ் 1951-ல் அப்படி ஒரு உரை ஆற்றினார். அதை ரசிக்காதவர் யார் தெரியுமா? அந்தக் கோட்பாட்டின் தந்தை லெமைத்ர். அவரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்!

#8 தோமா

என் பெயரைப் பார்த்தே யாராவது கூப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன். குருமடத்தில் நான்கு வருடம் தத்துவம் படித்துவிட்டு வெளியே வந்தவன்.

உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று பகுத்தறிவால் நிறுவ முடியாது என்று கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினாஸே (1225–1274) சொல்லிவிட்டார். அது அவருக்கு விசுவாசத்தால் வருவது. ஆனாலும் முதற்காரணம் வேண்டும் என்கிறார். எப்படி?

இரண்டு வகைத் தொடர்களை அவர் பிரிக்கிறார். ஒன்று தாத்தா, அப்பா, மகன். தாத்தா இறந்தபிறகும் பேரன் இருப்பான். இந்தத் தொடர் பின்னால் எவ்வளவு தூரம் போனாலும் அவருக்குக் கவலையில்லை. இன்னொன்று இந்தக் கணமே ஒன்றையொன்று தாங்கி நிற்கிற தொடர். அவர் சொன்னது கை தள்ளுகிற கம்பு. நான் மின்சாரத்தைச் சொல்வேன். உங்கள் விளக்குக்குக் கம்பியிலிருந்து வருகிறது, கம்பிக்கு டிரான்ஸ்பார்மரிலிருந்து, அதற்குத் துணைமின் நிலையத்திலிருந்து. கம்பியை முடிவில்லாமல் நீட்டிக்கொண்டே போங்கள். எங்கேயும் மின் உற்பத்தி நிலையம் இல்லையென்றால் விளக்கு எரியாது. நடுவில் இருக்கிற எதற்கும் சொந்தச் சரக்கு கிடையாது, கடத்திவிடுவது மட்டும்தான்.

ஆகவே கேள்வி 'அன்று யார் ஆரம்பித்தது' அல்ல, 'இப்போது யார் தாங்குகிறார்' என்பது.

#9 ஏட்டுப்பூச்சி

தோமா சார் சொன்னது சனிக்கிழமை மாணவருக்கு மிகவும் உதவும். ஏனென்றால் மெய்கண்டாரும் உலகத்துக்கு ஒரே ஒரு தொடக்கம் என்று பேசவேயில்லை. முதல் கேள்விக்கு என் பதில்: இரண்டும் ஒன்றல்ல, கிட்டத்தட்ட எதிர்.

பழைய பதிப்புகளுக்கு மெய்ப்புப் பார்த்து வயிறு கழுவுகிறவள் நான். சூத்திரத்தைச் சொல் சொல்லாக எடுத்துக்கொள்ளலாம். 'அவன் அவள் அது' என்றால் சுட்டிக் காட்டக்கூடிய உலகம். 'மூவினைமை' என்பது தோன்றுதல், நிற்றல், ஒடுங்குதல். 'தோற்றிய திதி' என்பது, தோற்றுவிக்கப்பட்டு நிற்பது. அப்புறம்தான் முக்கியம்: 'ஒடுங்கி மலத்து உளதாம்'. ஒடுங்குகிறது, உயிர்களின் மலம் (ஆணவம் முதலிய அழுக்கு) இன்னும் தீராததால் மறுபடி உண்டாகிறது. எத்தனையாவது முறை என்று கணக்கே இல்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் அநாதி, தொடக்கமில்லாதவை. இல்லாததிலிருந்து உலகம் வந்தது என்றால் மெய்கண்டார் அடிக்க வருவார். அவருடையது சற்காரியவாதம், உள்ளதுதான் தோன்றும்.

ஆகவே கஸ்ஸாலிக்குக் கடவுள் உலகத்தை இல்லாமையிலிருந்து கொண்டுவருகிறவர். மெய்கண்டாருக்கு மாயை என்ற மண் என்றைக்கும் இருக்கிறது. அது முதற்காரணம் (தோமா சார் சொன்ன பொருளில் அல்ல, மூலப்பொருள் என்ற பொருளில்), சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம், அதாவது செய்கிறவன். மண்ணைக் குயவன் படைப்பதில்லை பாருங்கள்.

இன்னொன்று, வகுப்பில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 'அந்தம் ஆதி': ஒடுக்குகிறவன் எவனோ அவனே முதல். படைக்கிறவன் என்று ஏன் சொல்லவில்லை? எல்லாம் ஒடுங்கும்போது ஒடுங்காமல் நிற்கிறவனிடமிருந்துதான் மறுபடி தொடங்க முடியும். அதாவது பிரமன் இல்லை, திருமால் இல்லை, சங்காரம் செய்கிற சிவனே. நாத்திகருக்குச் சொன்ன பதிலாகவே இந்தச் சூத்திரத்தை நாம் படித்துப் பழகிவிட்டோம். பாதி வேலை, எந்தக் கடவுள் என்ற பங்காளிச் சண்டையைத் தீர்ப்பது.

#10 கொள்ளிடக்கரை

பங்காளி வந்துவிட்டேன், அக்கா :)

அடியேன் வைணவன். அதனால் சண்டைக்கு வருவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆனால் எங்கள் உடையவர் ராமானுஜர் இந்த வழக்கில் யார் பக்கம் என்று தெரிந்தால் ஈயக்குண்டு சாருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் மூன்றாம் சூத்திரம், 'சாஸ்த்ர யோநித்வாத்'. அங்கே எதிர்த்தரப்பாக ராமானுஜர் நிறுத்துவது இதே வாதத்தைத்தான்: உலகம் காரியம், குடம் போல, ஆகவே அறிவுள்ள கர்த்தா உண்டு என்று அனுமானத்தாலேயே ஈசுவரனை நிறுவிவிடலாம் என்கிற நியாய (தர்க்க) மரபின் வாதம். அதை அவர் துண்டு துண்டாக்குகிறார்.

குடத்துக்குக் கர்த்தா உண்டு, சரி. ஆனால் குடங்களை வேறு வேறு காலத்தில் வேறு வேறு ஆட்கள் செய்கிறார்கள். மலையும் கடலும் காரியங்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவை எல்லாம் ஒரே காலத்தில் ஒரே கர்த்தாவால் செய்யப்பட்டன என்று எங்கிருந்து வந்தது? பல பேர் பல காலத்தில் செய்தார்கள் என்பதுதானே குடத்தைப் பார்த்தால் தோன்ற வேண்டியது? தவிரவும் நாம் கண்ட குயவர் எல்லோருக்கும் உடம்பு உண்டு. உவமையைக் கறாராகப் பிடித்தால் கடவுளுக்கும் உடம்பு வேண்டும். அந்த உடம்பு என்றைக்கும் உள்ளது என்றால், உறுப்புகள் உள்ள ஒன்று காரியமாக இல்லாமல் இருக்கலாம் என்று ஆகிவிடும். அப்படியானால் உலகமும் ஏன் அப்படியே இருக்கக்கூடாது?

முடிவு: பிரம்மத்தை அறிய சாஸ்திரம் ஒன்றே வழி. அனுமானம் எட்டாது.

#11 ஈயக்குண்டு

நான் இரண்டு முறை படித்தேன். 'பல பேர் சேர்ந்து செய்திருக்கலாமே, கப்பல் கட்டுவது போல' என்று ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் எழுதியது 1779-ல் வந்த புத்தகத்தில். எங்கள் நாத்திக ஆட்கள் அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைவார்கள். ஸ்ரீரங்கத்துச் சாமியார் அதை அறுநூறு வருடம் முந்தியே சொல்லிவிட்டாரா! நாளைக்கு என்னை நாமம் போட வைத்துவிடாதீர்கள்.

#12 கொள்ளிடக்கரை

போட்டால் நன்றாகத்தான் இருக்கும். வடகலையா தென்கலையா என்பதுதான் பிரச்சினை.

#13 தேள்கொடுக்கு

இன்னுமா கடவுளைத் தேடுகிறீர்கள்? பகுத்தறிவு இல்லாத கூட்டம். உழைக்கிற வழியைப் பாருங்கள்.

#14 மட்டுறுத்துநர்

தேள்கொடுக்கு, வாதம் இருந்தால் எழுதுங்கள். அடுத்த பதிவு இப்படியே வந்தால் நீக்கப்படும். இழை நன்றாகப் போகிறது, மற்றவர்கள் தொடரலாம்.

#15 ஏட்டுப்பூச்சி

ராமானுஜருக்கும் முன்னால் பௌத்தர்கள் இதில் கை வைத்தார்கள். 7-ஆம் நூற்றாண்டில் தர்மகீர்த்தி சொன்ன உதாரணம் ஒன்று போதும். மண்ணால் ஆன உருவம் என்பதை மட்டும் வைத்துக் குயவனை அனுமானித்தால், புற்றும் மண்ணால் ஆனதுதான். அதையும் குயவன் செய்தான் என்பீர்களா?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. குடத்தைப் பார்த்துக் குயவன் உண்டு என்கிறோமே, அது வடிவம் இருப்பதால் மட்டுமா? குயவன் குடம் வனைவதை முன்பே பார்த்திருக்கிறோம், அதனால். புகையைப் பார்த்து நெருப்பு என்பதும் அடுப்பங்கரைப் பழக்கத்தால்தான். உலகம் உண்டாவதை யார் எங்கே பார்த்துப் பழகினார்கள்?

#16 தோமா

அக்கா, புற்றுக்கும் கட்டியவர் உண்டே! கறையான்.

#17 ஈயக்குண்டு

தோமா, சொந்தக் கோல்போஸ்ட்டில் கோல் போட்டுவிட்டீர்கள். ஆயிரக்கணக்கான கறையான்கள், ஒன்றிடமும் வரைபடம் கிடையாது, மேஸ்திரி கிடையாது. காற்றோட்டம் எல்லாம் வைத்து ஆள் உயரத்துக்குக் கட்டிவிடுகின்றன. அறிவுள்ள ஒரு கர்த்தா இல்லாமல் ஒழுங்கான ஒரு காரியம் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எது? அதற்கும் நம் ஊரில் மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றுகிறார்கள் என்பது தனிக் கதை.

#18 தோமா

அது நியாயமான அடிதான். ஆனால் அடி குயவன் உவமைக்கு விழுகிறது, என் மின்கம்பிக்கு விழவில்லை. நான் ஒழுங்கைப் பற்றிப் பேசவில்லை, இருப்பைப் பற்றிப் பேசுகிறேன். கறையான் இருக்கிறது, மண் இருக்கிறது, இருக்காமலும் போயிருக்கலாம். அப்படிப்பட்ட பொருள்களை எத்தனை அடுக்கினாலும் 'ஏன் இவையெல்லாம் இருக்கின்றன' என்பதற்குப் பதில் வராது.

ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் 1697-ல் ஒரு உதாரணம் சொன்னார், வடிவியல் புத்தகத்தை வைத்து. ஏட்டுப்பூச்சி அக்காவுக்காக ஓலைச்சுவடி என்று மாற்றிக்கொள்கிறேன். இந்த ஏடு முந்தைய ஏட்டைப் பார்த்து எழுதியது, அது அதற்கும் முந்தியதைப் பார்த்து. முடிவில்லாமல் பின்னால் போங்கள். ஒவ்வொரு ஏட்டுக்கும் காரணம் சொல்லியாயிற்று. ஆனால் இந்தப் பாட்டு ஏன் இருக்கிறது, ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு?

#19 ஏட்டுப்பூச்சி

தோமா சார், பாடபேதம் பார்த்திருக்கிறீர்களா? படி எடுக்கிறவர் கண் ஒரு வரி தாண்டும், சொற்கள் இடம் மாறும், மெல்ல மெல்ல வேறு பாட்டாகவே ஆகிவிடும். முடிவில்லாத காலம் படி எடுத்தால் இன்று கையில் இருக்கிற பாட்டை யாருமே இயற்றாமல் இருந்திருக்கலாம்!

விளையாட்டுக்குச் சொன்னேன். ஏடு ஏன் இருக்கிறது என்ற கேள்வி அப்போதும் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன்.

#20 ஈயக்குண்டு

நிற்காது. 1948-ல் பிபிசி வானொலியில் தத்துவஞானி ரஸ்ஸலும் பாதிரியார் காப்பிள்ஸ்டனும் இதைத்தான் பேசினார்கள். ஒவ்வொரு மனிதருக்கும் அம்மா உண்டு, அதனால் மனித குலத்துக்கு ஒரு அம்மா உண்டு என்று ஆகாது என்றார் ரஸ்ஸல். உலகம் இருக்கிறது, அவ்வளவுதான். மெய்கண்டார் சூத்திரத்திலும் இதே ஓட்டை. அவனும் அவளும் அதுவும் தனித்தனியே தோன்றி மறைவதைப் பார்த்துவிட்டு, மொத்தமும் அப்படித்தான் என்கிறார்.

#21 கீழக்கரைக்காரன்

அது எப்போதும் ஓட்டை இல்லையே. ஒவ்வொரு நாரையும் கையால் அறுக்கலாம், கயிற்றை அறுக்க முடியாது. இங்கே பகுதிக்கு உள்ளது முழுமைக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு நூலும் பருத்தி என்றால் வேட்டியும் பருத்திதான். 'காரியமாக இருப்பது' நாரின் பலவீனம் மாதிரியா, பருத்தி மாதிரியா? நான் பருத்தி என்பேன். நீங்கள் நார் என்பீர்கள். இதைத் தீர்க்க மூன்றாவது வாதம் ஏதாவது இருக்கிறதா என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

'அவ்வளவுதான்' என்று ரஸ்ஸல் சொன்னால் பகுத்தறிவு, நான் அல்லாஹ்விடம் போய் 'அவ்வளவுதான்' என்றால் மூடநம்பிக்கை. இது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

#22 ஈயக்குண்டு

உறுத்தல் சரிதான். இருவரும் ஓரிடத்தில் நிற்கிறோம். நான் ஒரு பொருள் முன்னதாக நிற்கிறேன்.

#23 சனிக்கிழமை மாணவன்

நான் ஒரு கேள்வி கேட்டேன், நீங்கள் ஒரு பல்கலைக்கழகமே நடத்திவிட்டீர்கள். நேற்று வகுப்பில் புற்றைப் பற்றிக் கேட்டேன். ஆசிரியர் கோபிப்பார் என்று நினைத்தேன், சிரித்தார். வகுப்பு முடிந்தும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். (பத்து நிமிட விஷயத்தில் நான் அவரைப் பற்றி எழுதியது கொஞ்சம் அநியாயம்தான்.)

அவர் சொன்னது எனக்குப் புரிந்தவரை: மாயை சடம் (அறிவில்லாதது), வினை சடம், இரண்டும் தாமாக வந்து உயிரோடு சேர்ந்துகொள்ளாது. சேர்த்துவைக்க அறிவுள்ள ஒருவன் வேண்டும். குயவன் அதற்கு உவமைதான், ஆதாரம் 'சடம் தானாக இயங்காது' என்பது. அதில் நம்பிக்கை இல்லாதவருக்கு முதல் சூத்திரம் வேலை செய்யாது என்று அவரே ஒத்துக்கொண்டார். அப்புறம், ஆறாம் சூத்திரத்தைப் படித்துவிட்டு வந்து மறுபடி கேள் என்றார். படித்தேன். அறிவால் சுட்டி அறியப்படுவது என்றால் அது அசத்து (நிலையில்லாதது), எவ்விதத்தும் அறியப்படாதது என்றால் அது இல்லாத பொருள், சிவம் இரண்டுமல்ல என்று வருகிறது. அப்படியென்றால் முதல் சூத்திரத்தில் அனுமானம் பண்ணி அறிந்தோமே, அது எது?

#24 கொள்ளிடக்கரை

உங்கள் ஆறாம் சூத்திரம் எங்கள் மூன்றாம் சூத்திரத்துப் பக்கம் சாய்கிறது போலிருக்கிறதே :)

#25 ஏட்டுப்பூச்சி

அவசரப்படாதீர்கள், பங்காளி. ஒருவன் உண்டு என்று அறிவது வேறு, அவனையே அறிவது வேறு. 'உண்டு' வரைக்கும் அனுமானத்தை மெய்கண்டார் விடுகிறார். அதற்கு மேல் ஒன்பதாம் சூத்திரத்தில் 'ஊனக்கண் பாசம் உணராப் பதியை' என்று சொல்லி ஞானக்கண்ணைக் காட்டுகிறார். ராமானுஜர் 'உண்டு' வரைக்கும்கூட விடுவதில்லை. வித்தியாசம் அங்கேதான்.

'சடம் தானாக இயங்காது' என்பதை ஈயக்குண்டு சார் சும்மா விடமாட்டார் என்று தெரியும்.

#26 ஈயக்குண்டு

விடமாட்டேன். நியூட்டனின் முதல் விதியிலிருந்து ஆரம்பிப்பேன். ஆனால் இன்று இரவுப் பணி, நாளை எழுதுகிறேன்.

#27 சனிக்கிழமை மாணவன்

அதுவரை எனக்கு ஒரு உதவி. உரை எது வாங்கலாம், அக்கா? கடையில் சிவஞான முனிவரின் பேருரையான மாபாடியத்தைக் காட்டினார்கள், தலையணை மாதிரி இருந்தது.

#28 ஏட்டுப்பூச்சி

மாபாடியம் இப்போது வேண்டாம். அதே சிவஞான முனிவர் எழுதிய சிற்றுரை இருக்கிறது, அதை வாங்குங்கள். ஒவ்வொரு அதிகரணத்திலும் (உட்பிரிவு) மேற்கோள் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று பிரித்திருப்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். ஏது எங்கே மெலிகிறது என்று தோன்றுகிறதோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளை இங்கே கொண்டுவந்து போடுங்கள், சண்டை போட ஆட்கள் இருக்கிறோம்.